பத்மப்ரியா போட்ட ரோடு

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், கீழே டைல்ஸ் கடையும் மேலே ஒரு நீள ஹாலுமாக ஒரு கட்டடம். அந்த ஹாலில் உட்கார்ந்துகொண்டு பத்மப்ரியா அமெரிக்காவை வரைந்துகொண்டிருந்தாள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். முழு அமெரிக்காவையும் அவள் தலையில் கட்டிவிடவில்லை. அந்த நாட்டின் நடுவில் சோளக்காடும் மாட்டுப்பட்டியுமாகக் கிடக்கிற டன்னிங் கவுண்டி என்ற ஒரே ஒரு துண்டுதான் அவள் பாகத்துக்கு வந்திருந்தது. கவுண்டி என்றால் நம் ஊர் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பளவில் திண்டிவனத்தையும் செஞ்சியையும் ஒட்டவைத்தால் அது வரும். ஜனம் எவ்வளவு என்று கேட்டால், மயிலம் பங்குனி உத்திரத் தேருக்கு வருகிற கூட்டத்தில் ஒரு ஓரமாக நிற்கவைத்துவிடலாம்.

ஒரு காலத்தில் அங்கேயும் ஜனம் இருந்ததுதான். ரயில் வந்த காலத்தில் ஜெர்மனியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். கோதுமை போட்டார்கள், சர்ச் கட்டினார்கள், பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளினார்கள். அப்புறம் மழை பொய்த்து மண்ணெல்லாம் காற்றில் பறந்த வருடங்கள் வந்தன. பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். மிச்சம் இருந்தவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டுப் பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரயிலும் நின்றது, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அந்தக் கவுண்டியின் தெற்கு மூலையில் வீடுகளைவிடக் கல்லறைகள் அதிகம். வீட்டுக்கு ஒரு புள்ளி, கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு புள்ளி என்று பத்மப்ரியாதான் வைத்தாள், அவளுக்குத் தெரியாதா?

தெற்கே சிதம்பரம், வடக்கே திருத்தணி, அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான். மயிலத்துக்கு அப்பால் வீடூர்ப் பக்கம் ஒரு ஊரில், ஜைனக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா புஷ்பதந்தன் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிறவர். விளக்கு வைக்கிறதுக்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடுகிற வீடு. குடிக்கிற தண்ணீரை வடிகட்டு, எறும்பு போகிற தடத்தைப் பார்த்துக் காலை வை என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு. அரசு கலைக் கல்லூரியில் அவள் புவியியல் படித்தபோது இதற்கெல்லாம் எங்கே வேலை கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். வேலை கிடைத்ததும் பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், மேப்பு வரைவதற்கு ஒரு சம்பளமா, அதுதான் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறானே என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே நின்றது, நல்லதாகப் போயிற்று.

ஆனால் இது பள்ளிக்கூட மேப்பு இல்லை. டன்னிங் கவுண்டியில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால், வீட்டில் தீப்பிடித்தால், அவசர வண்டியின் டிரைவருக்கு முன்னால் இருக்கிற திரையில் வருவது இவள் வரைந்த வழிதான். ஜனம் குறைந்ததில் அந்தக் கவுண்டியின் ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள், ஆம்புலன்ஸும் போயிற்று. இப்போது பக்கத்துக் கவுண்டியிலிருந்துதான் வண்டி வரவேண்டும். ஓட்டுகிறவனுக்கு இந்த ஊர் எது, அந்தக் காடு எது என்று ஒன்றும் தெரியாது. கோடு எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும்.

ஜூன் மாதம் அது. விடிய விடிய இடியும் மழையுமாக அடித்துவிட்டுக் காலையில்தான் ஓய்ந்திருந்தது. பத்மப்ரியா பையை மாட்டிக்கொண்டு வழக்கம்போல ஓடைப் பக்கம் நடந்தாள். அவள் ஊரிலிருந்து பஸ் ரோட்டுக்கு ஓடைதான் வழி. தார் ரோடு ஒன்று ஊரையே சுற்றிக்கொண்டு போகிறது, அதில் யார் போவார்கள்? வருடத்தில் முக்கால்வாசி நாள் ஓடையில் மணல்தான். டிராக்டர் போகும், டிவிஎஸ் எக்ஸ்எல் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும். பிணம்கூட அதில்தான் போகும். அதை யாரும் ஓடை என்று நினைப்பதுகூட இல்லை.

கரையில் வந்து நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். செம்மண் கரைத்த தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஒரு வேலிக்காத்தான் மரம் வேரோடு உருண்டு போனது. பின்னாலேயே அப்பா எக்ஸ்எல்லைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஓடை வந்துடுச்சும்மா. சுத்திக்கினுதான் போவணும், ஏறு" என்றார்.

அவள் ஏறவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

போன மாசிக்கு முன்னால் வரைந்த ஒரு கோடு அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. டன்னிங் கவுண்டியில் எல்லா ரோடும் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக இருக்கும். தெற்கு மூலையில் ஒன்று மட்டும் வளைந்து வளைந்து போயிற்று. ஹைவேயிலிருந்து பிரிந்து, சோளக்காட்டுக்கு நடுவில் நுழைந்து, தனியாக நிற்கிற ஒரு வீட்டுக்குப் பின்னால் போய் முடிந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வெள்ளையாக, மணலாக, நடுவில் டயர் தடத்தோடு இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்ததே, அட, நம் ஊர் வழி மாதிரி இருக்கிறது என்று. அந்தச் சந்தோஷத்திலேயே மண் ரோடு என்று கோடு போட்டுவிட்டாள். வடக்குப் பக்கம் அந்த வீட்டுக்கு வேறு ரோடு இருக்கிறது, ஆனால் அது மலைப்பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு வரும். கம்ப்யூட்டர் எதைக் காட்டும்? குறுக்கு வழியைத்தான் காட்டும்.

"அப்பா, சீக்கிரம் போப்பா, ஜல்தியா போ" என்று ஏறி உட்கார்ந்தாள்.  வண்டியில் போகும்போதே போனைத் திறந்து அந்த ஊரின் வானிலையைப் பார்த்தாள். நம் ஊரில் காலை என்றால் அங்கே முந்தின நாள் ராத்திரி. டன்னிங் கவுண்டிக்கு மேலே சிவப்பாக ஒரு பட்டை அடித்து, கனமழை, திடீர் வெள்ளம், விடிகிற வரைக்கும் எச்சரிக்கை என்று போட்டிருந்தது.

பஸ் கிடைத்தது. கூட்டேரிப்பட்டில் ஒரு லாரி குறுக்கே நின்று டிராஃபிக் அடைத்துக்கொண்டது. கண்டக்டர் இறங்கிப் போய் லாரிக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். பத்மப்ரியாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்த வீட்டுப் புள்ளியின் மேல் கவுண்டிக்காரர்கள் ஒரு சின்னச் சிவப்பு அடையாளம் வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. மிஷின் வைத்து மூச்சு விடுகிறவர்கள் இருக்கிற வீடு என்று அதற்கு அர்த்தம். கரண்ட் போனால் முதலில் வண்டி போகவேண்டிய வீடு. புயல் மழையில் கரண்ட் போகாமல் இருக்குமா? பாழாய்ப் போன லாரி நகர்கிற வரைக்கும் அவள் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

ஹாலுக்குள் நுழைந்ததும் நேராக ஆனந்தராஜிடம் போனாள். ஆனந்தராஜ்தான் அவர்களுடைய டீம் லீடர். முகையூர்ப் பக்கத்துக்காரன், வரைகிறவர்கள் போட்ட கோடுகளையெல்லாம் கடைசியாகப் பார்த்துச் சரி என்று சொல்கிறவன். டீ டம்ளரும் கையுமாக இருந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"சார், நான் போட்டது ரோடு இல்ல சார். அது ஓடை."

அவன் அந்தக் கோட்டைத் திரையில் திறந்து பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான், சின்னதாக்கிப் பார்த்தான். இவளைப் பார்த்துக் குழப்பத்தோடு சொன்னான்:

"இத நான்தான பாத்து ஓகே பண்ணேன். எனக்கு ஒண்ணும் தப்பா தெரியலியே பத்மா. எங்க ஊர்லயும் இப்படித்தான போவோம்."

சொல்லிமுடித்த பிறகுதான் அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அவசர அவசரமாக அதே இடத்தின் பழைய படங்களைத் தேடினார்கள். இவள் வரைந்தது கோடைக் கடைசியில் எடுத்த படம். அதற்கு முந்தின வருடம் மழைக்காலத்தில் எடுத்த ஒன்று கிடைத்தது. அதில் அந்த வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் மின்னியது. கரைக்குக் கரை முழுத் தண்ணீர்.

ஆனந்தராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டான். அவனுக்கும் பயம் இருக்கத்தானே செய்யும்? சென்னைத் தலைமை ஆபீசின் அனுமதி இல்லாமல், வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிற மேப்பில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தக் கூடாது. கவுண்டிக்காரர்களோடு நேராகப் பேசவே கூடாது, பேசினால் வேலை போய்விடும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அடுத்த மாதம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். ஹாலில் இருக்கிற அத்தனை பேரின் பிழைப்பும் அதில் இருந்தது. சென்னை மேனேஜருக்குப் போன் அடித்தான், எடுக்கவில்லை. திரும்ப அடித்தான். மூன்றாவது தடவை எடுத்தவர், தூக்கக் கலக்கத்தில், மெயில் போடு, பத்து மணிக்கு மேல் பார்க்கலாம், நீங்களாக எதையாவது கிளறிப் பெரிசாக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"எறும்ப மிதிக்காத, பாத்து நடன்னு வளத்தாங்க சார் என்னை" என்றாள் பத்மப்ரியா.  "நான் ஒரு வண்டிய ஆத்துல இறக்கி உடறதுக்கு வழி போட்டு வெச்சிருக்கேன். நான் பேசறேன் சார். வேலை போனா என்னோட போவட்டும்."

ஆனந்தராஜ் வெளிநாட்டுக்குப் பேச வசதியாகத் தன் போனுக்கு ரீசார்ஜ் செய்து அவளிடம் நீட்டினான்.

கவுண்டியின் ஷெரிஃப் ஆபீஸ், அதாவது அந்த ஊர்ப் போலீஸின் நம்பர் மேப்பிலேயே இருந்தது, அவசரப் போன்களும் அங்கேதான் போகும். ராத்திரி டியூட்டியில் ஒரு பெண் எடுத்தாள். பத்மப்ரியாவுக்கு ஆங்கிலம் எழுத வரும், படிக்க வரும், பேசும்போது மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தன் பெயரைச் சொன்னாள், இந்தியாவிலிருந்து பேசுவதாகச் சொன்னாள், உங்கள் மேப்பில் ஒரு தப்பு என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண், இது அவசர லைன், உங்கள் ஏமாற்று வேலையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பாவம், அவளைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. இந்தியாவிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி அந்த ஊர்க் கிழவர்களின் பேங்க் பணத்தை எத்தனை பேர் சுருட்டியிருக்கிறார்களோ. அந்தப் படுபாவிகள் செய்ததற்கு இவள் அனுபவிக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் போட்டாள். குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டாள் அந்தப் பெண். பத்மப்ரியாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, கூடவே கோபமும் வந்தது. மூன்றாவது தடவை அவள் பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. போனை எடுத்த சத்தம் கேட்டதும் கடகடவென்று ஆரம்பித்தாள்.

உங்கள் ஆபீசுக்குப் பின்னால் பழைய ரயில் ஸ்டேஷன் கட்டடம் இருக்கிறது, தண்டவாளம் இல்லை. அதற்குப் பக்கத்தில்தான் நீங்கள் கார் நிறுத்துவீர்கள். அங்கே ஒரு பெரிய மரம் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது, இந்த வருடப் படத்தில் அந்த மரத்தைக் காணோம். தென்மேற்கில் கூரை இல்லாத ஜெர்மன் சர்ச் ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரில் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கு வேலி மூன்று பக்கம்தான். இதையெல்லாம் வரைந்தது நான். உங்கள் பணம் எனக்கு வேண்டாம். ஒரு ரோட்டைத் தப்பாக வரைந்துவிட்டேன், அது ரோடு இல்லை, ஓடை.

அந்தப் பக்கம் மழை கூரையில் அடிக்கிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. பிறகு அந்தப் பெண், அந்த மரம் பனிக்காலத்துக் காற்றில் விழுந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். எந்த ரோடு என்று கேட்டாள்.

பத்மப்ரியா இடத்தைச் சொன்னாள். அந்தப் பெண், அதுவா, கெஸ்லர் தோட்டத்து ஓடை அல்லவா அது, வெயில் காலத்தில் பையன்கள் வண்டி ஓட்டி விளையாடுவார்கள், அதில் யார் போவார்கள் என்றாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். கெஸ்லர் வீட்டில் கரண்ட் போய்விட்டது. கிழவரின் மூச்சு மிஷின் நின்றுவிட்டது. அவர் மனைவி போன் செய்து, பக்கத்துக் கவுண்டியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது. ஓட்டுகிற பையன் புதுசு.

இருங்கள், நான் ரேடியோவில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனைக் கட் செய்யாமல் அப்படியே வைத்தாள். கரகரவென்று ஒரு சத்தம். அவள் வண்டியின் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிடுகிறாள். அந்தப் பள்ளத்தில் ரேடியோ சரியாக எடுக்காது என்று யாரிடமோ சொல்கிறாள், குரலில் பதற்றம். இங்கே திண்டிவனத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருத்தி எல்லாத் தீர்த்தங்கரரையும் வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஹாலில் எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

"இன்னும் இன்னா பாக்கறது?" என்றான் ஆனந்தராஜ், யாரிடம் என்று இல்லாமல். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். லீடருக்கு மட்டும் இருக்கிற பாஸ்வேர்டைப் போட்டு, ஓடிக்கொண்டிருக்கிற மேப்பைத் திறந்தான். பத்மப்ரியா போட்ட கோட்டின் மேல் வைத்து அழித்தான். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். இங்கே கோடு போய்விட்டது. வண்டிக்குள் இருக்கிற திரைக்கு அது போய்ச் சேர்ந்ததா, போய்ச் சேருவதற்குள் வண்டி எங்கே இருந்தது, அதை யார் சொல்வது?

போனில் கரகரப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் சென்னை மேனேஜர் ஆபீஸ் போனில் வந்தார். மேப்பு மாறியது அவருக்கு அலர்ட்டாகப் போயிருந்தது. யார் அனுமதி கொடுத்தது, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது. பத்மப்ரியா தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனந்தராஜ் கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

"நான்தான் பேசச் சொன்னேன் சார். நான்தான் அழிச்சேன். லைன்ல உயிர் இருக்குது சார், அப்புறம் திட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

அப்போது போனில் ஒரு ஆண் குரல் வந்தது. உடைந்து உடைந்து வந்தது. ஹைவேயிலிருந்து இறங்கிவிட்டேன், முன் சக்கரம் தண்ணீரில் நிற்கிறது, திரையில் ரோடு திடீரென்று காணாமல் போய்விட்டது, நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை என்றது. அந்தப் பெண் அலறினாள். ஒரு அடி முன்னால் எடுக்காதே, அப்படியே பின்னால் வா, வடக்கு ரோட்டில் சுற்றிப் போ என்றாள். இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது. டயர் சேற்றில் சுற்றுகிற சத்தம் கேட்டது.  பிறகு அவன், வெளியே வந்துவிட்டேன் என்றான்.

பத்மப்ரியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதைக் குடிக்கத் தோன்றாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

சுற்று வழியில் வண்டி போய்ச் சேருகிற வரைக்கும் அந்தப் பெண் லைனை வைக்கச் சொல்லவில்லை, இவளும் வைக்கவில்லை. மூச்சு மிஷினுக்குப் பதில் வண்டியிலிருந்து சிலிண்டர் வைத்துவிட்டார்கள், கிழவர் கண்ணைத் திறந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று டிரைவர் பையனைத் திட்டினாராம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். உன் பெயர் என்ன, மறுபடியும் சொல் என்று கேட்டு, பத்மப்ரியா என்பதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு தப்பைத் திருத்த இவ்வளவு தூரத்திலிருந்து யாரும் போராட மாட்டார்கள், போய் நிம்மதியாக இரு என்றாள்.

போனை வைத்ததும் ஹாலில் கைதட்டினார்கள். ஒருத்தன் விசில்கூட அடித்தான். பத்மப்ரியாவும் சிரித்தாள். ஆனந்தராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அவன் நாற்காலியைத் திருப்பி ஹாலைப் பார்த்து உட்கார்ந்தான். வேலிமேடு, அவலூர்ப்பேட்டை, கண்டாச்சிபுரம், மரக்காணம் என்று நாலா பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"ஓடையில நடந்து ஸ்கூலுக்குப் போனவங்க இங்க யார் யாரு? கைய தூக்குங்க."

முதலில் இரண்டு மூன்று கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. அப்புறம் இன்னும் சில. எதற்குக் கேட்கிறான் என்று புரியப் புரிய, ஜன்னல் ஓரம் இருந்தவர்களும் தூக்கினார்கள், கதவுப் பக்கம் நின்றவர்களும் தூக்கினார்கள். கடைசியில் தூக்காத கை ஒன்றுகூட அங்கே இல்லை. அவர்களுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு கவுண்டியும், அதில் அவர்கள் போட்ட மண் ரோடுகளும் இருந்தன.

பத்மப்ரியா மறுபடியும் போனை எடுத்தாள்.